வெறும் பேணி

பெட்டியைத் திறந்தார்.
உடுப்புக்கு முதல் எண்ணெய்தான் வந்தது,
மூண்டு துவாய் சுத்தின பச்சைப் போத்தல்.
பிறகு செங்கல் மாதிரி ஒரு சீஸ் துண்டு,
அஞ்சு பைக்கற் பாஸ்தா.
ஆஸ்பத்திரி வீதிக் கடையிலயும் இது கிடைக்கும்
எண்டு நான் சொல்லேல்லை.
பதினொரு வருசம் கழிச்சு வந்த மனிசனுக்கு
முதல்நாளே விலை சொல்லப்படாது.

குருநகரில எங்கட குசினி,
ரெண்டுபேர் நிண்டால் மூண்டாவது சட்டிக்கு இடமில்லை.
அவர் அதைக் குச்சீனா எண்டார்.
பாணைப் பானே எண்டார்.
ஆரோ ஒரே கப்பலில வந்து
ரெண்டு கரைக்கும் இறக்கின சொல்லாக்கும்.

பலேர்மோவில அவருக்கு வேலை
ஒரு கிழவிக்குச் சமைக்கிறது.
சினோரா கொன்செத்தா.
விடிய, பாலுக்குள்ள பிச்சுப்போட்ட பழம்பாண்.
ஒரு மணிக்குப் பாஸ்தா, பிந்தினால் கோபம்.
இரவில சூப்பு, அதுக்குள்ளயும் பாண்.
வெள்ளிக்கிழமை நெத்தலி.
கடலைமாவைக் கூழாய்க் காய்ச்சி ஆறவிட்டு
வெட்டிப் பொரிச்சு
பாணுக்குள்ள வைச்சுத் தின்பினமாம்.
"பாணுக்குள்ள வடையோ?" எண்டு சின்னவள் சிரிச்சாள்.
கூழ் எண்ட சொல்லுக்கு
நண்டும் ஒடியல்மாவும் வந்து நிண்டது
என்ர வாயில.

அவர் சமைச்சார்.
உலைத்தண்ணிக்கு உப்பை அள்ளிப் போட்டார்.
"கடல்தண்ணி மாதிரி இருக்கவேணும்."
கல்லெறி தூரத்தில கடலை வைச்சுக்கொண்டு இருக்கிறவளுக்குச் சொல்லுறார்!
நெத்தலியை எண்ணெயில கரையவிட்டு
உள்ளி நசிச்சுப் போட்டு
பழம்பாண் தூளை வறுத்து மேல தூவினார்.
ஏழையளின்ர சீஸாம் அது.
கொண்டுவந்த துண்டு வெட்டாமல் கிடந்தது.
வாசம் வந்தது. நல்ல வாசம்,
ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை.
செத்தல் மிளகாய் ஒண்டு. ஒண்டே ஒண்டு.
கட்டைச் சம்பலைப் பக்கத்தில வைச்சுத்தான்
நானும் பிள்ளையளும் இறக்கினது.

"இன்னும் போடட்டோ?"
"பஸ்தா" எண்டார்.
போட்டன்.
"பஸ்தா, பஸ்தா!"
பிறகும் போட்டன்.
போதும் எண்ட சொல்லாம் அது.
நான் படிச்ச முதல் இத்தாலி.

இரவு கேட்டன்.
"நீங்கள் இஞ்ச. அவவுக்கு ஆர் சமைக்கினம்?"
இருபத்தொரு நாளுக்கும் சமைச்சு
பெட்டி பெட்டியாய் உறையவைச்சு
மேல நாளெழுதி ஒட்டிப்போட்டு வந்தாராம்.
திங்கள். செவ்வாய். புதன்.
கொட்டை எழுத்தில, அவவுக்குக் கண் பத்தாது.

விசிறி சுத்திச்சு.
நான் கறுவேல்லை எண்டால் பொய்.
இந்த வீட்டிலயும் செவ்வாய்க்கிழமையள் வந்துதான் போனது.
ஒண்டிலயாவது ஆரும்
எனக்கெண்டு எழுதிவைச்ச சோறு இருக்கேல்லை.
ஆனால்
எண்பத்தாறு வயதில, மேசையில தனிய,
இண்டைக்கு என்ன கிழமை எண்டு
சாப்பாட்டு மூடியைப் பாத்து அறியிற மனிசி.
அவவோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

போறதுக்கு முதல்நாள் அரிசிமா வறுத்தன்.
பொறுக்கும் சூட்டில அரிச்சு
பிஸ்கற் பேணிக்குள்ள அமத்தி அடைச்சன்.
பல்லில்லாத வாய்க்குப் பிட்டு நல்லம்,
பாலும் சீனியும் விட்டுக் குடுங்கோ.
அந்தத் தீவின்ர மேற்குக் கரையில
கோதுமைக் குறுணலை ஆவியில அவிப்பினம் எண்டு
நீங்கள்தானே சொன்னனியள்,
அப்ப அவ பயப்பிடமாட்டா.
மூடியில நாள் எழுதேல்லை.
கொன்செத்தா எண்டு எழுதினன். தமிழில.
வாசிச்சுக் காட்ட அவர் இருக்கிறார்தானே.

"பேணி திரும்பி வரவேணும்" எண்டன்.
"தபாலில வேண்டாம்.
வெறும் பேணியாயும் வேண்டாம்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.
வான்காரன் ரெண்டாந்தரம் ஹோர்ன் அடிச்சான்.